17.5 சுற்று என்றால் சமம் ஆகிவிடுமா?

ரிமோட் கார் பந்தயத்தில் "ஸ்டொக்" என்றொரு பிரிவு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வகை மோட்டார், அனேகமாக 17.5 சுற்று செப்புக் கம்பி. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியால் டைமிங் கூட்ட முடியாது. அது பூச்சியத்தில் இருக்கிறது என்று காட்ட ஒரு சிறு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். புதிய பிள்ளையும் குறைந்த செலவில் ஓடட்டும் என்பதே நோக்கம்.

நல்ல நோக்கம்தான். நடப்பது என்ன?

சுருளுக்கு மின்சாரம் எவ்வளவு முந்திப் போகிறது என்பதே டைமிங். மோட்டாரின் பின்மூடியைச் சற்றுத் திருப்பினாலும் அது கூடும். வேகம் ஏறும், மின்னோட்டமும் சூடும் சேர்ந்தே ஏறும். இது எல்லோருக்கும் திறந்த வழி, எமக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் ஒரே பெயரில் வரும் இரண்டு மோட்டார்கள் அச்சொட்டாக ஒன்றல்ல. சுருளின் தடையிலும் ரோட்டரின் காந்த வலிமையிலும் சிறு வித்தியாசம் இருக்கும். வசதியுள்ளவர் பல மோட்டார்களை வாங்கி, அனலைசரில் போட்டு, சிறந்ததை வைத்துக்கொள்கிறார். "தெரிவுசெய்யப்பட்டது" என்று கூடிய விலைக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். ஒரேயொரு மோட்டாரோடு வரும் பிள்ளை ஓட்டம் தொடங்க முன்பே பின்னால் நிற்கிறது.

ஒரே வினாத்தாள் கொடுத்தால் ஒரே வாய்ப்புக் கொடுத்ததாகிவிடாது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஆசிரியர்களான எமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"திறமைதான் வெல்லும், மோட்டார் அல்ல" என்பார்கள். அப்படியானால் ஏன் இத்தனை மோட்டார் வாங்குகிறீர்கள்?

அளப்பவர்களிலும் பலர் அரைகுறையாகவே அளக்கிறார்கள். சுமையில்லாமல் சுழலவிட்டு, வந்த வேகத்தைக் காட்டிப் பெருமைப்படுகிறார்கள். முறுக்கத்தையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால்தான் வலு. சுமையில்லாத மேசையில் வெளியே வரும் வலு ஏறக்குறையப் பூச்சியம். பல்லுச்சக்கர விகிதத்தை மாற்றி, ஓட்டம் முடிந்ததும் வெப்பநிலை பார்ப்பவர் இதைவிட அதிகம் கற்கிறார். அளவுக்கு மிஞ்சிய சூடு ரோட்டரின் காந்தத்தையே நிரந்தரமாகப் பலவீனமாக்கிவிடும்.

தீர்வு கஷ்டமானதல்ல. ஏற்பாட்டாளர்கள் மோட்டார்களை மொத்தமாக வாங்கட்டும். எல்லோர் முன்னிலையிலும் சுமை கொடுத்து அளக்கட்டும். மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் ஒதுக்கட்டும். மிகுதியை முத்திரையிட்டு, சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, பந்தயம் முடிந்ததும் திரும்ப எடுக்கட்டும். அளந்த எண்கள் சுவரில் தொங்கட்டும். பிள்ளைகளுக்கு அதுவே ஒரு விஞ்ஞான பாடம்.

இதைச் செய்ய மனமில்லாதவர்கள், தயவுசெய்து அந்தப் பிரிவை "சம போட்டி" என்று சொல்லிப் பிள்ளைகளை அழைக்காதீர்கள்.