போன மாதம் இருந்த செவிலியர் எங்கே?

இரத்தச் சுத்திகரிப்புக்காக எங்களிடம் வாரந்தோறும் வருவோர், கட்டிலில் படுத்தவுடன் கேட்கும் முதல் வினா பெரும்பாலும் நோயைப் பற்றியதாக இருப்பதில்லை. "போன மாசம் இருந்த சிஸ்டர் எங்க?" என்பதே அவ்வினா. அவர் வெளிநாடு சென்றுவிட்டார் என்றோ, சென்னைக்கு மாறிவிட்டார் என்றோ நாங்கள் விடை கூறும்போது அம்முகங்களில் தோன்றும் கலக்கத்தை நாங்கள் அறிவோம்.

அக்கலக்கம் நியாயமானது. டயாலிசிஸ் செய்துகொள்பவரின் கையில் அறுவை செய்து உருவாக்கப்படும் இரத்தக்குழாய் இணைப்பு பயன்பாட்டுக்கு வரவே பல வாரங்கள் ஆகும். ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு ஊசிகள் செலுத்தப்பட வேண்டும். ஊசி தவறினால் கை வீங்கும். சில வேளைகளில் அந்த இணைப்பே பயனற்றுப் போகும். எவருடைய கையில் எந்த இடத்தில் குத்த வேண்டும், எவருக்கு நான்காம் மணியில் இரத்த அழுத்தம் இறங்கும் என்பதெல்லாம் பழகிய செவிலியருக்கே தெரியும். அந்தப் பழக்கத்தை எந்த இயந்திரத்தோடும் சேர்த்து வாங்கிவிட முடியாது. ஆகவே அவர் ஏன் நம்மிடம் தங்கவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விடை கூறும் கடமை எங்களுக்கு உண்டு.

பயின்றவர்கள் இல்லாமையால் நேர்வதா இது? அன்று. தூத்துக்குடியில் 2000ஆம் ஆண்டிலேயே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் தமிழகத்தில் திறக்கப்பட்டன. செவிலியர் கல்லூரிகளும் குறைவில்லை. பயிற்றுவிப்பதில் நம் மாநிலம் முன்னிற்கிறது. பயின்றவரைத் தக்கவைப்பதில்தான் தடுமாறுகிறது.

இத்தடுமாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் கடலின் மறுகரையை நோக்கினால் போதும். இலங்கை சிறிய நாடு. பள்ளி முதல் அரசுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் வரை அங்கே கல்வி இலவசம். அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் இலவசம். தாய்சேய் நலத்தில் பெரிய நாடுகளுக்கே எடுத்துக்காட்டாக விளங்கிய நாடு அது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பண மதிப்பு சரிந்தது, விலைவாசி ஏறியது, மருத்துவர்கள் பெருந்தொகையாக வெளியேறினர். சிறப்பு மருத்துவராவதற்கு வெளிநாட்டுப் பயிற்சி அங்கே கட்டாயம். அவ்வாறு சென்றவர்களிலும் பலர் திரும்பவில்லை. 2023இல், மருத்துவர்கள் வெளிநாடு சென்றமையால் அநுராதபுரம் போதனா வைத்தியசாலையில் குழந்தைகள் பிரிவு ஒன்று தற்காலிகமாக மூடப்பட்டதாகச் செய்தி வந்தது. பெருநகரில் மூவர் சென்றால் வேறு மூவர் கிடைப்பர். சிறிய இடத்தில் மூவர் சென்றால் ஒரு பிரிவின் கதவே அடைபடும். மாப்பிள்ளையூரணி, தருவைகுளம், வேம்பார் என நீளும் நம் கரையோர ஊர்கள் இவ்வகையில் அச்சிறிய நாட்டைப் போன்றவையே.

செல்வோரை நாங்கள் பழிக்கமாட்டோம். கல்விக் கடனும், தங்கை திருமணமும், பெற்றோரின் முதுமையும் அவர்கள் தோளில் இருக்கின்றன. 2015இல் அரசுப் பணிக்குத் தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டதையும், 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடியதையும் நாடறியும். அரசுப் பணியே நிலையற்றதாயின் வளைகுடாவும் பிரிட்டனும் அழைக்கும்போது எவர் மறுப்பார்? உலகில் 59 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று 2020இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செல்வ நாடுகள் அப்பற்றாக்குறையைப் பெரிதும் பிறர் பயிற்றுவித்தவர்களைக் கொண்டே நிரப்புகின்றன. ஏழை நாடுகளிலிருந்து முறையின்றி ஆள் சேர்க்கலாகாது என்று அதே நிறுவனம் 2010இல் நெறிமுறை வகுத்தது. ஆயினும் அது கட்டாயச் சட்டமன்று.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் உள்ள பாரில் சிப்பி முதிர்ந்ததா என்று சோதித்த பிறகே குளிக்க விட்டனர் என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் அறிவர். பாரைப் பேணாமல் முத்தை மட்டும் எதிர்பார்க்க முடியாது. மருத்துவப் பணியாளர் விஷயத்திலும் நாம் பார் பேண வேண்டியவர்களாக இருக்கிறோம்.

அதற்குச் செய்ய வேண்டியவை எங்கள் கருத்தில் மூன்று. முதலாவது, நிலையான பணியும் தக்க ஊதியமும். ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி ஒருவரைச் சில ஆண்டுகள் நிறுத்தலாம். மனமுவந்து தங்கச் செய்ய முடியாது. இரண்டாவது, இரவுப் பணி முடித்து வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பான உறைவிடமும் போக்குவரத்தும். மூன்றாவது, இவ்வூர்ப் பிள்ளைகளையே இப்பணிக்குப் பயிற்றுவித்தல். சிற்றூரில் வளர்ந்தவரே சிற்றூரில் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு மிகுதி என்பதைப் பல நாடுகளின் அனுபவம் காட்டியுள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பவர்கள் அந்தந்தப் பகுதிப் பெண்களே அல்லவா?

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. சிறப்பு மருத்துவர்களாகிய நாங்களும் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கிறோம். பணி நெருக்கடியில் இளம் செவிலியரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டதும் உண்டு. ஊதியத்தைவிட அச்சொல்லே சிலரை வெளியே அனுப்பியிருக்கும்.

வாசகர்களாகிய உங்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. கிராம சபையில் "எங்கள் ஊருக்குக் கட்டடம் வந்ததா?" என்பதோடு நிறுத்தாமல், "அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை?" என்றும் கேளுங்கள். உப்பளத்திலும் கடலிலும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைப்போர், செவிலியர் படிப்பில் சேர்க்குமுன், அந்நிறுவனம் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். பட்டப் படிப்பு நான்கு ஆண்டுகள். ஆறு மாதத்தில் செவிலியர் ஆக்குவோம் என்று விளம்பரம் செய்யும் நிலையங்களின் சான்றிதழைக் கொண்டு செவிலியராகப் பதிவு செய்ய இயலாது. கட்டிய பணம் வீணே.

இறுதியாக ஒன்று. துயரத்தில் இருக்கும் குடும்பத்தாருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் 2024 நவம்பரில் சென்னையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவர் நோயாளியின் மகனால் கத்தியால் குத்தப்பட்டார் என்ற செய்தி, அன்றிரவு ஒவ்வொரு செவிலியர் விடுதியிலும் பேசப்பட்டது. குறை இருந்தால் எழுதிக் கொடுங்கள், எங்களிடம் நேரில் கேளுங்கள். விடை பெறாமல் செல்லாதீர்கள். இரவு இரண்டு மணிக்கு உங்கள் தந்தையின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் அந்தப் பெண்ணிடம் மட்டும் குரல் உயர்த்தாதீர்கள். அடுத்த மாதமும் அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்; எங்கள் விருப்பமும் அதுவே.