வழக்கால் பிழைத்த படம்

தென்னிந்தியாவில் எடுத்த ஊமைப் படங்களில், ஓரளவு முழுமையாகப் பார்க்கக் கிடைப்பது 1933-ல் வெளிவந்த ‘மார்த்தாண்டவர்மா’ ஒன்றுதான். தயாரித்தவர் நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ், இயக்கியவர் பி. வி. ராவ், கதை சி. வி. ராமன் பிள்ளையின் நாவல். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிட்ட கையோடு, நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. படம் பறிமுதலானது. தயாரிப்பாளருக்குப் பெருநட்டம். ஆனால் கொட்டகை கொட்டகையாக ஓடித் தேய்ந்திருக்க வேண்டிய சுருள், பெட்டிக்குள் கிடந்ததால் பிழைத்தது. பி. கே. நாயர் பொறுப்பிலிருந்த புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1974-ல் அதைப் பதிப்பகத்திடமிருந்து பெற்றது. வசன அட்டைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. கதைக்குச் சம்பந்தமில்லாமல், திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் கோயில் ஊர்வலம் முடிந்து அரண்மனை திரும்பும் நிஜக் காட்சியும் அதில் உண்டு. அந்தக் காலத் தெருவும் கூட்டமும் நடமாடுவதை நாம் பார்ப்பது ஒரு வழக்கின் தயவில்.

சுந்தர்ராஜின் உறவினரும் அகஸ்தீஸ்வரத்துக்காரருமான ஜே. சி. டேனியலுக்கு அப்படி ஒரு வழக்குகூட வாய்க்கவில்லை. நிலத்தை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ அமைத்து, மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தார். கடனில் மூழ்கி, பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். வீட்டில் இருந்த சுருளைச் சிறுவயதில் தானே எரித்துவிட்டதாக அவர் மகன் பின்னாளில் சொன்னார். பிள்ளையைக் குறை சொல்ல இடமில்லை. அன்றைய சுருள் நைட்ரேட். பொறி பட்டால் போதும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. இன்று அந்தப் படம் வெளியானது 1928-லா 1930-லா என்பதுகூடத் தீராத விவாதம்.

இந்த இழப்பின் கனம் தெரிய வேண்டுமானால் கதாநாயகி பி. கே. ரோசியை நினைக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் திரையரங்கில் கலவரம் செய்தார்கள். ஊரைவிட்டே ஓட வைத்தார்கள். பின்னர் நாகர்கோவில் பக்கம் பெயர் மாற்றி வாழ்ந்து மறைந்ததாகச் சொல்கிறார்கள். அவருடையது என்று சுற்றிவரும் புகைப்படம்கூட உறுதியானதல்ல. அவரை அடித்து விரட்டிய கதை ஊருக்கெல்லாம் தெரியும். அவர் எப்படி நடித்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. விரட்டியவர்கள் தொடங்கியதைத் தீ முடித்து வைத்துவிட்டது. பழைய படத்தைக் காப்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

ஒரு படம் நிலைப்பதும் அழிவதும் விபத்தாக இருக்கக் கூடாது, அது சட்டக் கடமையாக வேண்டும். புத்தகங்களுக்கு 1954-லேயே சட்டம் வந்தது. வெளியிட்டவர் குறிப்பிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியே தீரவேண்டும். திரைப்படத்துக்கு அத்தகைய சட்டம் இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று கிடைப்பதில்லை, அதே 1931-ல் வந்த ‘ஆலம் ஆரா’வும் கிடைப்பதில்லை. ‘பிரதி கொடுத்தால் திருட்டு வியாபாரம் நடக்கும்’ என்று தயாரிப்பாளர்கள் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் ஒப்படைப்பது வேறு, திரையிடும் உரிமை வேறு. பூட்டி வைக்கும் பொறுப்பை மட்டும் காப்பகத்துக்குத் தரலாம். பதிப்புரிமையும் 60 ஆண்டில் முடிந்துவிடுகிறது. அன்று நல்ல பிரதி எங்கே இருக்கும் என்பதல்லவா கேள்வி? ‘எல்லாம் டிஜிட்டல் ஆன பிறகு என்ன கவலை’ என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் பழுதாகும், கோப்பு வடிவம் காலாவதியாகும். விடாமல் மாற்றிப் பதிய ஆளும் பணமும் வேண்டும். குளிரும் வறட்சியும் உள்ள அறையில் வைத்த பிலிம் நூறாண்டு தாங்கும். நம் கடற்கரைப் புழுக்கத்திலோ, நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிடேட் சுருளும் காடி வாடை அடித்துச் சுருங்கிவிடும்.

‘பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்குமே பணம் போதாதபோது இதற்கெங்கே போவது’ என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. எல்லாச் சுருளையும் ஒரே நாளில் சீரமைக்கச் சொல்லவில்லை. சீரமைப்புக்குத்தான் பெருஞ்செலவு, இருப்பதைக் கணக்கெடுத்துக் குளிரறையில் சேர்ப்பதற்கு அவ்வளவு ஆகாது. முதலில் அதைச் செய்தால் மற்றது காத்திருக்கலாம்.

‘அவை மலையாளப் படங்கள், கேரளம் பார்த்துக்கொள்ளட்டும்’ என்பதுதான் என்னை வருத்தும் வாதம். டேனியல் உதவி கேட்டபோது, அவர் தமிழ்நாட்டுக்காரர் என்று அங்கே கைவிரித்ததாகச் சொல்லப்படுகிறது. 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு உயரிய திரை விருது வழங்குகிறது. நாம் என்ன செய்தோம்? 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லைக் கோடு மாறியதே தவிர, அதற்கு முந்தைய வரலாறு இரு பக்கத்துக்கும் பொது. தக்கலைக்கு அருகே, தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. கல்லுக்கும் மரத்துக்கும் சாத்தியமான ஏற்பாடு பிலிமுக்கும் சாத்தியம். தமிழ்நாடு தனக்கென ஒரு திரை ஆவணக் காப்பகம் அமைத்து, கேரளத்தோடும் புனேயோடும் பிரதிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மாவட்ட நிர்வாகத்தை, மூடிக்கிடக்கும் கொட்டகைகளின் ஆபரேட்டர் அறைகளிலும் பழைய விநியோகஸ்தர் வீடுகளிலும் தேடச் சொல்லலாம். சுருள் கிடைக்காவிட்டாலும் பாட்டுப் புத்தகமும் நோட்டீஸும் கிடைக்கும். துருப்பிடித்த டப்பாவைக் கண்டவர்கள் தாங்களே திறந்து பார்க்காமல் தகவல் சொல்ல ஓர் அலுவலகம் வேண்டும். 2033-ல் ‘மார்த்தாண்டவர்மா’வுக்கு நூறு வயது ஆகிறது. அதற்குள் புனேயிலிருந்து ஒரு நல்ல பிரதியைப் பெற்று நாகர்கோவிலில் திரையிடும் பேச்சை இரு அரசுகளும் இப்போதே தொடங்க வேண்டும்.