ஈரக் கரிசலில் இரு சக்கரம்

மோட்டார் சைக்கிள் வீரம் என்றதும் நம் நண்பர்கள் பலருக்கு லடாக் மலைப்பாதைதான் நினைவுக்கு வருகிறது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள், விளாத்திகுளம் பக்கத்துக் காட்டுப் பாதையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தவன் அவ்வளவு தூரம் போகமாட்டான்.

கரிசலில் நீரை உறிஞ்சிப் பருத்து, காய்ந்தால் சுருங்கும் களி மிகுதி. கோடையில் கை நுழையுமளவு வெடிப்பு விடுவதும் அதனால்தான். ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்திக்கும் உளுந்துக்கும் ஊட்டும் அந்தக் குணமே சக்கரத்துக்குப் பகையாகிறது. மண் முதலில் டயரின் வரிப்பள்ளங்களை அடைக்கும். டயர் மொழுக்கென்றாகி வழுக்கும். பிறகு சுற்றுக்குச் சுற்று அப்பி மட்கார்டுக்குள் இறுகும். நூறு கெஜம் போவதற்குள் முன்சக்கரம் நின்றுவிடும். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலோ பின்சக்கரம் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். கிளட்ச் கருகும் நாற்றம் மிச்சம்!

ஒரு நவம்பர் மாதம், பருவத் தேர்வு நாளில் நான் இப்படி மாட்டிக்கொண்டேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், "எய்யா, வண்டியப் போட்டுட்டு நடந்து போயிரு. மண்ணு காஞ்சா தானா வழி விடும்" என்றார். கேட்கவில்லை. குச்சியால் மண்ணைக் குத்திக் குத்தி, இரண்டு முறை விழுந்து, அரைமணி தாமதமாகத் தேர்வறைக்குள் நுழைந்தேன். அதை அன்று சாகசமாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

மழை வெறித்து வெயில் அடித்ததும் பாதையின் தடங்களெல்லாம் கல்லாய் இறுகின. தை மாதம் எங்கள் தெரு அக்கா ஒருவர் மொபெட்டில் பால் கேனோடு வந்தவர், அப்படியொரு தடத்தில் முன்சக்கரம் சிக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அது என் வண்டித் தடமா, வேறொருவர் தடமா, யார் கண்டது? என்னுடையது அல்ல என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களிலும் கரிசல் சமவெளிகள் உண்டு. மழை பெய்தால் அங்கே உள்ளாட்சியினர் மண்சாலைகளை மூடிவிடுவார்கள். மீறி ஓட்டுபவருக்கு அபராதம். ஓட்டுபவரின் உயிருக்காக மட்டுமன்று, சாலையைக் காப்பதற்காகவும்தான். நமக்கு அபராதம் வேண்டாம். மேல்மண் உலரும்வரை பாதையில் சக்கரம் இறங்கக்கூடாது என்று ஊரார் கூடிப் பேசி முடித்தால் போதும். அந்தக் கட்டுப்பாடு டிராக்டருக்குத்தான் முதலில் வேண்டும். நம் மோட்டார் சைக்கிள் அதற்குத் தம்பிதான்.

தார்ச்சாலை கேட்கலாமே என்பார்கள். கேட்போம். ஆனால் அடியில் போதிய சரளையும் ஓரத்தில் வடிகாலும் இல்லாமல் கரிசல்மேல் போட்ட தார், மண் பருத்துச் சுருங்குகையில் தானும் வெடித்துவிடும். காட்டுப்பாதை அத்தனைக்கும் தார் வரப்போவதுமில்லை. ஓடைப் பள்ளங்களிலாவது சரளை கொட்டினால் பாதித் துன்பம் தீரும். பேராசிரியப் பெருமக்களும் மழை நாளில் சேற்றுக் காலோடு தாமதமாக வருபவனுக்கு வருகை மறுக்காதிருந்தால், எங்களில் பலர் வண்டியை எடுக்கவே மாட்டோம்.

இப்போதெல்லாம் மேகம் கூடினால் முந்தின நாள் மாலையே என் வண்டியைத் தார்ச்சாலை ஓரத்து டீக்கடையில் விட்டுவிடுகிறேன். காலையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதுவரை நடை. அரைமணி கூடுதலாகிறது.