கத்தி வைப்பதற்கு முன் ஒரு மலை ஓட்டம்

இந்த மாதக் கடைசியில் எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுக்கப் போகிறார்கள். இதையெல்லாம் இப்படிப் பட்டவர்த்தனமாகப் பத்திரிகையில் எழுதுவார்களா என்று என் மாமியார் கேட்டார். "பல்லைப் பிடுங்கினா எழுத மாட்டேனா அத்தை, அது மாதிரிதான்" என்றேன். சிரித்துவிட்டார். அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆனால் முதலில் சொல்ல வேண்டியது ஆபரேஷனைப் பற்றி அல்ல, ஓட்டத்தைப் பற்றி. இந்த மாதம் முதல் ஞாயிறன்று ஏற்காட்டில் 10 கிலோ மீட்டர் மலைப்பாதை ஓட்டத்தில் ஓடிவிட்டு வந்தேன். நான் மட்டுமில்லை, எங்கள் காலை நடைக் கோஷ்டி நாலு பேரும்! எதிர் வீட்டு மாமிக்கு 61 வயது, பாங்க்கில் வேலை பார்க்கும் தோழிக்கு 50, எனக்கு 46, கடைக்குட்டியான டீச்சருக்கு 38. சேலத்தில் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்த எங்களுக்கு, மலை மேல் ஓடலாமே என்ற யோசனையைக் கொடுத்தது மாமிதான் என்றால் நம்புவீர்களா?

"ஆபரேஷனுக்கு மூணு வாரம் இருக்கும்போது ஓட்டமாவது ஆட்டமாவது!" என்று உறவில் ஒரு பெரியம்மா போன் பண்ணித் திட்டினார். ஓடினால் கர்ப்பப்பை கீழே இறங்கிவிடுமாம். எடுக்கத்தானே போகிறார்கள், இறங்கினால் டாக்டருக்கு வேலை மிச்சம் என்று சொல்ல நினைத்து, வாயை மூடிக்கொண்டேன். பெரியம்மாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரிய பெரிய ஆண்பிள்ளைகளே அப்படி நினைத்தவர்கள்தான். 1928 ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்துப் போனதைப் பார்த்துவிட்டு, அந்தப் பந்தயத்தை 1960 வரை பெண்களுக்கு வைக்கவே இல்லை. மாரத்தான் கிடைத்தது 1984இல்தான். அந்த முதல் மாரத்தானில் ஜெயித்த அமெரிக்கப் பெண் ஜோன் பெனாய்ட், அந்த வருஷம் ஏப்ரலில் முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு, 17 நாள் கழித்துத் தேர்வு ஓட்டத்தில் ஓடி முதலாவதாக வந்தவர்! (அவர் வீராங்கனை. நானும் நீங்களும் அதைப் பார்த்து அப்படியே செய்யக் கூடாது. எனக்கு டாக்டர் கொடுத்திருக்கும் கெடு மூன்று மாதம்.)

டாக்டரம்மாவைக் கேட்காமல் நான் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஆறு மாதம் முன்பு என் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகைதான். கர்ப்பப்பையில் கட்டி, அதனால் மாதா மாதம் அளவுக்கு மீறிய போக்கு. இந்தக் கட்டிகள் மிகப் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. எல்லோருக்கும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம் உண்டு, கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. எனக்குக் கட்டிகள் பெரியவை, பல இடத்தில் இருந்தன, மாத்திரையும் கேட்கவில்லை, இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தாயிற்று. எல்லாம் பேசி, இன்னொரு டாக்டரின் அபிப்பிராயமும் கேட்டுத்தான் முடிவு செய்தோம். சினைப்பைகளை விட்டுவைக்கிறார்கள். அதனால் ஆபரேஷன் முடிந்த மறுநாளே 'எல்லாம் நின்றுபோன' கஷ்டங்கள் வந்து குதித்துவிடாது. இதை நீங்களும் உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "எதை எடுக்கறீங்க, எதை விடறீங்க?"

ஆறு மாதம் இரும்புச் சத்து மாத்திரை. அதை முழுங்கிவிட்டு மேலே ஒரு டம்ளர் காபி குடித்தால் பாதி வீண். காபி, டீ, பால் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளித்தான். எலுமிச்சம் பழச் சாற்றோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் 8.4இல் இருப்பவளைக் கீரை மட்டும் தூக்கி நிறுத்திவிடாது. போன மாதம் பார்த்தபோது 12.1!

"இப்ப ஓடலாமா டாக்டர்?" என்றேன். "மேட்டுல நடங்க, சமதரையில ஓடுங்க. ஓடறப்ப பக்கத்துல இருக்கறவங்களோட பேச முடியணும். தலை சுத்தினாலோ நெஞ்சு படபடத்தாலோ அங்கேயே உட்காந்துடணும்" என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் உடம்பைத் தெம்பாக வைத்துக்கொண்டால், எழுந்து நடமாடுவதும் சீக்கிரம் நடக்கும் என்றும் சொன்னார். பரீட்சைக்கு முன் படிக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

காலை 6 மணிக்குக் கொடி அசைத்தார்கள். அந்தக் குளிரில் மாமி மட்டும் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கிறார்! ஏரியைத் தாண்டித் தார் ரோடு முடிந்ததும் காபித் தோட்டத்துக்குள் மண் பாதை. மேலே சவுக்கு மாதிரி உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடியில் சிவந்த பழம். ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் குமட்டிக்கொண்டு போனதுதான் ஞாபகம். மலைக்கு வாசனை உண்டு என்பதே இப்போதுதான் தெரிந்தது. ஈர மண், வேர், எங்கோ விறகு எரியும் புகை.

மலைப்பாதையில் ஓடுவது ரோட்டில் ஓடுவது மாதிரி இல்லை. கண் எப்போதும் தரையில். இலைச் சருகுக்கு அடியில் கல் இருக்கிறதா, வேர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். இறக்கத்தில் எட்டி எட்டிக் குதிக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்தால் முட்டிக்கு நல்லது. அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டிய பிடிமானமுள்ள ஷூ வேண்டும். ஆறாவது கிலோ மீட்டரில் கடலை மிட்டாயும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். அந்தக் கடலை மிட்டாய்க்கு ஈடு எந்த ஸ்வீட் கடையிலும் இல்லை!

அதற்கு அடுத்த ஏற்றத்தில்தான் டீச்சர் நின்றுவிட்டார். எங்களில் சின்னவர், வேகமாக ஓடக்கூடியவர். உதடு வெளுத்திருந்தது. மாமியையும் பாங்க் தோழியையும் முன்னே போகச் சொல்லிவிட்டு, ஒரு பாறையில் உட்கார வைத்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ராத்திரி சரியாத் தூங்கல."

தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே சொன்னார். மாதா மாதம் எட்டு நாள், முதல் மூன்று நாள் இரண்டு மணிக்கு ஒரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கும் வரை நிற்கவே பயமாக இருக்கிறதாம். மூன்று வருஷமாக இப்படி. "எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க்கா. எல்லாருக்கும் இருக்கறதுதானேன்னு விட்டுட்டேன்."

எல்லோருக்கும் இருப்பது இல்லை, சகோதரிகளே! அதை எழுதத்தான் இந்தப் பக்கம் முழுவதும். நாப்கின் ஒரு மணிக்கு இரண்டு மணிக்கு ஒன்று நனைந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கினால், காட்டிவிடுங்கள். அங்கே பாறையில் நான் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "செவ்வாய்க்கிழமை எனக்கு டாக்டர்கிட்ட அப்பாயிண்ட்மென்ட் இருக்கு. நீயும் வர்ற" என்று மட்டும் சொன்னேன். மீதி நாலு கிலோ மீட்டரில் பாதையோரம் நின்ற தொண்டர் ஒருவரின் ஜீப்பில் டீச்சரை ஏற்றிவிட்டு, நான் நடையும் ஓட்டமுமாக முடித்தேன். ஒரு மணி 52 நிமிஷம். மாமி எனக்கு முன்னாலேயே வந்து, காபி குடித்துக்கொண்டிருந்தார்!

செவ்வாய்க்கிழமை டீச்சரின் ரத்தப் பரிசோதனை: 7.2. ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி ஒன்றும் இல்லை. வேறு காரணம் பார்க்கிறார்கள். இப்போதைக்கு நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுகிறார்கள். ஓட்டத்துக்கு மூன்று மாதம் லீவு. எனக்கும் மூன்று மாதம் லீவு. இருவரும் சேர்ந்தே பூங்காவைச் சுற்றலாம் என்று பேசி வைத்திருக்கிறோம், மெதுவாக.

வீட்டு ஏற்பாட்டைச் சொல்லாவிட்டால் உங்களுக்கு நிறைவாக இருக்காது. ஆபரேஷன் முடிந்த பெண்ணை நம் வீடுகளில் இரண்டு விதமாக நடத்துவார்கள். ஒன்று, ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. காலில் ரத்தம் கட்டிக்கொள்ள அதுவே வழி. இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்த நாலாம் நாளே "இட்லிக்கு மட்டும் அரைச்சிடேன்". இரண்டும் வேண்டாம். மறுநாளிலிருந்தே மெல்ல நடக்க வேண்டும், தினம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே. ஆனால் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. நிறைந்த பக்கெட் தண்ணீர் 15 கிலோ. காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ. கிரைண்டர் கல்லைக் கழுவத் தூக்குவதும் கூடாது. காய்ச்சல், கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, திடீரென்று அதிகப் போக்கு, துர்நாற்றம், இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டருக்குப் போன். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் போன் பேசிக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு.

இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியாயிற்று. என்னவர் நேற்று ரசம் வைத்துப் பழகினார். புளி கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது.

அடுத்த மூன்று இதழ்களில் இந்தப் பக்கத்தை எதிர் வீட்டு மாமி எழுதுகிறார். சம்மதம் வாங்கிவிட்டேன்.