வலிக்கலையே என்று இருந்துவிடாதீர்கள்!



கையில் கத்தரி பட்டால் உடனே மருந்து போட ஓடுகிறோம். காய்ச்சல் கண்டால் கிராணியிடம் சொல்லி லீவு கேட்கிறோம். ஆனால், குளிக்கும்போது மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டால்? "வலிக்கலையே, தானா கரைஞ்சிடும்" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

எழுந்து பெரட்டுக்குப் போக முடிந்தால் அது நோயே இல்லை. இது நம் பாட்டிமார் காலத்துக் கணக்கு. மார்புப் புற்றுநோய் இந்தக் கணக்குக்குள் அடங்காது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலியே இராது. சோறு இறங்கும், தூக்கம் வரும், கொழுந்துக் கூடையும் நிறையும். தோல் புண்ணாகி, அக்குளில் நெறி கட்டி, வலி எடுத்த பிறகு போனால் நோய் முற்றியிருக்கும்.

நான் பயமுறுத்தவில்லை. நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பாருங்கள். 2007 முதல் 2011 வரை இந்த நோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு 43 பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டார்கள். 2012 முதல் 2016 வரை அது 48 ஆக ஏறிவிட்டது! தாமதத்தின் விலை என்ன தெரியுமா? 2007–2011-ல் முதல் கட்டத்திலேயே கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 87 பேர் ஐந்தாண்டு தாண்டி வாழ்ந்தார்கள். நான்காம் கட்டத்தில் 23 பேர்தான்.

"நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவ நான், எனக்கா வரும்?" என்பார்கள். தாய்ப்பால் ஆபத்தைக் குறைக்கும், அடியோடு தடுக்காது. "கூடைப் பட்டை அழுத்தி வந்த கட்டி" என்பார்கள். அழுத்தத்தால் புற்றுநோய் வருவதில்லை. "கத்தி வச்சா பரவிடும்" என்பதும் வீண் பேச்சு. காலம் கடத்தினால்தான் பரவும்.

கவனிக்க வேண்டியவை இவை: மாரிலோ அக்குளிலோ புதுக் கட்டி, தோல் குழி விழுவது, ஆரஞ்சுத் தோல்போல் தடிப்பது, காம்பு உள்ளே இழுப்பது, காம்பில் ரத்தம் கசிவது, ஆறாத புண். இதில் ஒன்று இருந்தாலும் தானா ராத்தா மருத்துவமனைக்கோ பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கோ போங்கள். ஆண் டாக்டர் என்று கூச்சமா? பெண் டாக்டரையோ, கூட ஒரு மிஸ்ஸியையோ கேளுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அதையும் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

"ஒரு நாள் சம்பளம் போகுமே?" நியாயமான கேள்விதான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் சான்று கொடுத்தால் ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு. இது நம் உரிமை, யாரும் போடும் பிச்சை அல்ல. ஆனால் சான்று வாங்கப் போகும் அந்த முதல் நாளுக்குத்தான் பெண்கள் தயங்குகிறார்கள். சோதனைக்குப் போகும் நாளுக்கும் சம்பளம் கேட்டுப் பேச வேண்டியது சங்கத்தின் கடமை என்பது என் கருத்து.

அண்ணன்மார்களே, தம்பிமார்களே! வீட்டுக்காரி வாய் திறந்து சொன்னால் "அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிவிடாதீர்கள். மலையிறங்கி ஈப்போவுக்குப் போகச் சொன்னால் துணைக்குப் போங்கள்.

சகோதரிகளே, வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே காட்டிவிடுங்கள்!