அம்மாவின் கால் நகங்களைப் பார்த்தீர்களா?

"நகத்தில் கோடு விழுந்திட்டுது, கல்சியம் குறைவோ டொக்டர்?" என்று கேட்டு வரும் முதியவர்கள் பலர். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த கல்சியம் மாத்திரைப் போத்தலும் பையில் இருக்கும். நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதில் கல்சியம் மிகச் சொற்பம். நீளப்பாட்டில் கோடு விழுவது தலை நரைப்பதைப் போன்றதுதான். மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வளரும் விரல் நகம் வயதோடு மெதுவாகும், மங்கும், இலகுவில் உடையும். இதற்கு மருந்து தேவையில்லை.

என் கவலை கால் நகங்களைப் பற்றியது. குளிர் நாடு, எந்நேரமும் காலுறை. நகம் தடித்து வளைந்தாலும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காட்டச் சொன்னால், "டொக்டரின்ர கையில காலை வைக்கிறதோ?" என்று கூசுவார்கள். குனிய முடியாத அம்மா பிளேட்டால் வெட்டிக்கொள்வார். நீரிழிவினால் கால் விறைத்தவருக்கு வெட்டுக்காயம் நோகாது. அப்படிப்பட்ட காயம் புண்ணாகி, விரலையே எடுக்க வேண்டி வந்ததைக் கண்டிருக்கிறேன். நீரிழிவு உள்ளவரின் தடித்த நகத்தைப் பாத வைத்தியரிடம் விடுங்கள்.

இன்னொன்று. எங்கள் நிறமுள்ளவர்களுக்குப் பல நகங்களில் மண்ணிறக் கோடுகள் இருப்பது வழமை. ஆனால் ஒரேயொரு நகத்தில், அதுவும் பெருவிரலில், புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டு போகும் கறுப்புக் கோடு புற்றுநோயாக இருக்கலாம். கரண்டிபோல் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவையும், முனை உருண்டு வீங்கிய விரல் நுரையீரல் நோயையும் காட்டக்கூடும். இவற்றைத் தாமதியாமல் காட்டுங்கள். வரும்போது நகப்பூச்சை அழித்துவிட்டு வாருங்கள்.