புகையில்லாப் பீடி யாருக்கு லாபம்?

"அண்ணே, நான் பீடியை விட்டுட்டேன்!"

இப்படிச் சொல்லிக்கொண்டு சென்ற மாதம் ஒரு தம்பி என்னிடம் வந்தான். நூல் மில்லில் சைடர் வேலை. வயது இருபத்தி நான்கு. பரமக்குடி ஐந்துமுனை ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்த என் கையில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு சாமானை வைத்தான். "இதில் புகையே கிடையாது, ஆவிதான். ஒரு தரம் வாங்கினால் போதும், மருந்தை ஊற்றி ஊற்றி இழுக்கலாம். நல்லதா கெட்டதா, பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

விஷத்துக்கு மருந்து என்று பெயர்! விற்றவன் சொல்லிக்கொடுத்த பெயராம். கெட்டிக்காரன்தான்.

இருபது வருஷம் பீடி குடித்து, அதை விட்டு ஆறு வருஷம் ஆனவன் நான். ஆகவே இழுத்துப் பார்க்கவில்லை, கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சின்ன லித்தியம் பாட்டரி. அதன் மேல் 'பாட்' என்று சொல்லும் சிறு பிளாஸ்டிக் குப்பி, இரண்டு மில்லி பிடிக்கும். குப்பிக்குள் ஒரு சுருள் கம்பி, அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது, கம்பி சூடாகிறது, திரவம் ஆவியாகிறது. கிளிசரின், புரோப்பிலீன் கிளைகால், வாசனைச் சரக்கு, நிகோடின் இவைதான் அந்த 'மருந்து'. சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003 வாக்கில் உருவாக்கிய யோசனையின் இன்றைய வடிவம் இது.

வாஸ்தவத்தை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல. பீடியில் இலையும் புகையிலையும் எரிகின்றன. தாரும் கார்பன் மோனாக்சைடும் நெஞ்சுக்குள் போகின்றன. இந்தச் சாமானில் எதுவும் எரிவதில்லை. அந்த அளவுக்குத் தீங்கு குறைவு என்பதே உண்மை. பிரிட்டனில் 2023-இல் புகைப்பழக்கத்தை விடுவதற்காகப் பத்து லட்சம் பேருக்கு இதை இலவசமாகக் கொடுக்கப்போவதாக அந்நாட்டு சர்க்காரே அறிவித்தது. பழக்கத்தை விட இது சிலருக்கு உதவுகிறது என்று நல்ல ஆராய்ச்சிகளும் சொல்கின்றன.

அப்படியானால் தம்பி செய்தது சரிதானே என்று கேட்பீர்கள். பிரிட்டனில் கூடவே ஆலோசகர் உண்டு. மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் கூடாது என்ற வரம்பு உண்டு. திரவத்தில் என்ன இருக்கிறதென்று கம்பெனிக்காரன் எழுதிக்கொடுக்க வேண்டும். நம் தம்பியின் பாட்டிலில் ஒரு மாம்பழப் படமும் நாலு இங்கிலீஷ் எழுத்தும்தான் இருந்தன. உள்ளே இருப்பது இருபதா ஐம்பதா? யாரைக் கேட்பது?

கேட்க ஆளில்லாததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2018-லும், நாடு முழுவதும் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் மூலமாகவும், அவ்வருஷம் டிசம்பரில் பார்லிமெண்ட் சட்டம் மூலமாகவும் இது தடை செய்யப்பட்டது. தயாரித்தாலும், இறக்குமதி செய்தாலும், விற்றாலும் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் சரக்கு வருகிறது! 2022-இல் குஜராத் முந்திரா துறைமுகத்தில் சுமார் 2 லட்சம் மின்சிகரெட்டுகள் பிடிபட்டன. பிடிபடாதது எவ்வளவோ! நம் கடற்கரையிலிருந்து பீடி இலை மூட்டை இலங்கைக்குத் திருட்டுத்தனமாகப் போகிறது. இந்தச் சாமான் வேறு துறைமுகத்தில் திருட்டுத்தனமாக வந்து இறங்குகிறது. திருட்டுச் சரக்குக்கு உத்தரவாதம் கொடுப்பவன் எவன்?

'ஊற்றி ஊற்றி இழுக்கலாம், சிக்கனம்' என்ற பேச்சையும் கணக்குப் பார்ப்போம். தம்பி முன்பு பீடிக்கும் சிகரெட்டுக்குமாக நாளைக்கு ஐம்பது ரூபாய், மாதம் 1,500 செலவழித்தான். இப்போது பாட்டில் 700 ரூபாய். பாட்டில் உள்ள பஞ்சும் கம்பியும் இரண்டு வாரத்தில் கருகிவிடுகின்றன; மாதம் இரண்டு புதுப் பாட், 600 ரூபாய். ஆக 1,300. மாதம் 200 ரூபாய் மிச்சம். சாமானுக்குப் போட்ட 1,500 ரூபாய் திரும்ப ஏழரை மாதம் ஆகும். அதற்குள் பாட்டரி என்ன கதியாகுமோ! ஒரு தரம் வாங்கினால் போதுமாம்! வீடு நமது, வாடகை அவனுக்கு என்ற கதைதான்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றைத் தம்பியே வாய்தவறிச் சொன்னான். பீடி குடிக்க வேண்டுமென்றால் டிபார்ட்மெண்டை விட்டு வெளியே வர வேண்டும். பஞ்சு பறக்கும் இடத்தில் நெருப்புப் பெட்டியைத் திறக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? இப்போதோ நைட் ஷிப்டில் பிரேமுக்குப் பின்னால் நின்றபடியே இரண்டு இழுப்பு. மேஸ்திரிக்கு வாசனைகூட எட்டுவதில்லை. பீடிக்கு முடிவு உண்டு. ஒன்று அணைந்தால் அடுத்ததைப் பற்றவைக்கக் கை கொஞ்சம் யோசிக்கும். இதற்கு முடிவே இல்லை. எட்டு மணி நேரமும் நிகோடின்! வெளியே போய்க் காற்று வாங்கிய அந்த ஐந்து நிமிஷமும் போயிற்று. பழக்கம் குறையவில்லை தோழர்களே, இடைவேளைதான் குறைந்தது. மேலும், லித்தியம் பாட்டரி தீப்பிடித்தால் பஞ்சுக்கு அது பீடி நெருப்பைவிட நல்ல நெருப்பா?

மில் தொழிலாளியின் நெஞ்சில் ஏற்கெனவே பஞ்சுத் தூசி இருக்கிறது. லீவு முடிந்து வேலைக்கு வரும் முதல் நாளில் மார்பு இறுகும் நோயை கார்டிங்கில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். வாசனைச் சரக்கு சங்கதியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துச் சோளப்பொரித் தொழிற்சாலையில் வேலை செய்த எட்டுப் பேருக்கு மூச்சுக்குழல் அடைந்துபோகும் கொடிய நோய் வந்தது 2000-இல் தெரியவந்தது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டயாசெட்டில் என்ற பொருளைச் சுவாசித்ததுதான் காரணம். 2015-இல் ஹார்வர்டில் சோதித்த 51 மின்சிகரெட் வாசனைகளில் 39-இல் அதே டயாசெட்டில் இருந்தது. இழுத்தவர்களுக்கெல்லாம் அந்த நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. தின்னக் கெடுதலில்லாதது சுவாசிக்கவும் கெடுதலில்லாதது ஆகிவிடாது என்பதை அந்த எட்டுத் தொழிலாளிகள் தங்கள் நுரையீரலைக் கொடுத்து நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை செய்யும் தோழர்களுக்கு நிகோடின் புதிதல்ல. அசுவினி விழுந்தால் புகையிலைக் கரைசல் அடிப்பார்களே, பூச்சியைக் கொல்வது அதிலுள்ள நிகோடின்தான். அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். அப்படிப்பட்ட திரவம் மாம்பழ வாசனையுடன் ஒற்றை அறைக் குடிசையில் பிள்ளைகளின் கைக்கெட்டும் மாடத்தில் இருந்தால்? 2014-இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை இந்தத் திரவத்தை விழுங்கிச் செத்தது. அதன் பிறகே பிள்ளைகள் திறக்க முடியாத மூடி வேண்டுமென்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. தம்பியின் பாட்டில் மூடியை நான் இரண்டு விரலால் திறந்தேன்.

சர்க்காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சிகரெட்டைத் தடை செய்தது சரி. ஆனால் சிகரெட்? அவசரச் சட்டம் அறிவித்த அன்றே சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது! ஐ.டி.சி. கம்பெனியில் எல்.ஐ.சி. பெரும் பங்கு வைத்திருக்கிறது. வெளிநாட்டிலும் இதே லட்சணம்தான். மார்ல்பரோ விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி 2018-இல் 1,280 கோடி டாலர் கொட்டி ஜூல் என்ற மின்சிகரெட் கம்பெனியில் 35 சதவீதத்தை வாங்கியது. சிகரெட்டை விடுபவனையும் விட மனமில்லை!

தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: பீடியை விட்ட உன் மனதைப் பாராட்டுகிறேன். ஆனால் நீ விட்டது நெருப்பை, நிகோடினை விடவில்லை. புகையிலையை விட உதவுவதற்காக சர்க்கார் நடத்தும் 1800-11-2356 என்ற இலவச டெலிபோன் இருக்கிறது. மருந்துக்கடையில் நிகோடின் சூயிங்கம் இருக்கிறது. அதில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். அதையும் இலவசமாக ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்ஸரியில் கொடு, ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயத் தொழிலாளிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடு என்று கேட்பது நம் சங்கத்தின் வேலை. நைட் ஷிப்டில் ஒழுங்கான இடைவேளை கேட்பதும்தான்.

தம்பி சாமானைத் திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வீட்டில் அக்கா பிள்ளைகள் இருப்பதால் பாட்டிலை மட்டும் என்னிடம் விட்டுப் போனான். வருகிற திங்கட்கிழமை அவனுக்கு வார லீவு. இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பேச்சு.